கிளுவை வேலி

1

புதுக்கவிதையில் மழை பெய்ததைவிட வறட்சி நிலவியதுதான் அதிகம். பாலை, வெடித்த தரை, முள், கானல் – மனத்தின் வெறுமையைச் சொல்ல நம் கவிஞர்களில் பலருக்கு இவை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த படிமங்கள். இவற்றின் வம்சாவளியைத் தேடிப் போனால் பாதி எலியட்டின் வாசலில் போய் நிற்கும். 1922இல் வெளிவந்த அந்தப் பாழ்நிலம் ஆங்கில இலக்கிய வகுப்புகள் வழியாக இங்கே வந்து, ஒரு முழுத் தலைமுறைக்கு நிலம் என்றால் இன்னது என்று சொல்லிக் கொடுத்தது.

மறுபாதி திணை மரபிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்கிறோம். திணை மரபு சொல்வது வேறு. தொல்காப்பியம் பாலைக்குத் தனியாக நிலம் ஒதுக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்ட நிலையைத்தான் பாலை என்கிறது. ஆக, பாலை ஒரு இடமல்ல, ஒரு நிலை. அந்த நிலைக்குப் போன நிலம் திரும்பியும் வரலாம். திரும்பி வருவதற்கு மழை மட்டும் போதாது, மனிதனின் கைவேலையும் வேண்டும் என்பது இலக்கண நூல் சொல்லாத சேதி. அந்தக் கைவேலையின் வரலாறு பற்றியே இங்கு எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது நான் அறிந்த நிலத்தை – தொப்பம்பட்டியையும் அதைச் சுற்றிய காடுகளையும்.

2

தொப்பம்பட்டி பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. தெற்கே பழனி மலைத்தொடர். தென்மேற்குப் பருவத்தின் மழையை மலை வாங்கிக்கொள்ள, எங்களுக்கு அதன் காற்று மட்டும் மிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று மண்ணைத் தூற்றும், ஈரம் கொண்டுவராது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதுதான் வருஷத்துக்கான மழை. அதுவும் பொய்த்துப் போகும் வருஷங்கள் உண்டு.

இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் பாதி 'பட்டி' என்று முடிகிறது. பட்டி என்றால் சிற்றூர். ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டிதான். ஒவ்வொரு பெயருக்கும் தொழுவத்தைத்தான் மூலம் என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் ஒரே சொல் ஊரையும் தொழுவத்தையும் குறிக்கும் பாஷையில், மந்தை முதலில் வந்து ஊர் பின்னால் வந்ததோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. கள்ளிமந்தையம் என்ற பெயரைக் கேட்கும்போதும், அதன் சொற்பிறப்பு எதுவானாலும், காதில் விழுவது கள்ளியும் மந்தையும்தான்.

இன்னொரு சொல் 'காடு'. கொங்குப் பேச்சில் காடு என்றால் வனமல்ல. மழையை நம்பிய நிலம் காடு. கிணற்றுப் பாய்ச்சல் உள்ளது தோட்டம். ஆறும் வாய்க்காலும் பாய்வது வயல். நிலத்தைத் தண்ணீர் வரும் வழியால் வகுத்த ஜனங்கள் இவர்கள். இந்த வகுப்பில் 'தரிசு' என்று ஒரு ஜாதி கிடையாது. தரிசு சர்க்கார் கணக்கின் சொல். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, நடப்புத் தரிசு, பிற தரிசு என்று அது கிளை விட்டுப் பெருகியிருக்கிறது. ஒரு நிலத்தில் அந்த வருஷம் எதுவும் அறுக்கவில்லை என்றால் அதைத் தரிசு என்று எழுதலாம். எதுவும் இல்லாத நிலம் என்று அதற்கு அர்த்தம் கொள்வது அடுத்த படி. அந்தப் படியைக் கணக்கர்களும் கவிஞர்களும் ஒன்றாகத்தான் தாண்டினார்கள்.

3

காடுகளில் ஒரு வகை கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் தொடங்கிக் கரூர்ப் பக்கமும், தெற்கே ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கமும் பரவியுள்ள மேய்ச்சல் நிலம். வெளியூர்க்காரன் பார்த்தால் புதரும் சில வேல மரங்களும் உள்ள பொட்டல் என்பான். ஆனால் அதில் தானாக வந்தது என்று சொல்ல அதிகமில்லை. கொறங்காடு செய்யப்படுவது.

முதலில் வேலி. கிளுவைப் போத்துகளை வெட்டி மழைக்காலத்தை ஒட்டி நெருக்கமாக நடுவார்கள். போத்து வேர்விட்டுத் தழைத்து, ஒன்றோடொன்று பின்னி, ஆடு நுழையாத வேலியாக இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். இடைவெளி விழுந்த இடத்தில் மறுபடி நடவேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு முறை கழிக்கவேண்டும். கழித்தது விறகாகும், அல்லது அடுத்த வேலிக்குப் போத்தாகும். கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் நிற்கும். தோலைக் கீறிப் பார்த்தால் பச்சை. வேலியில் பிரண்டையும் கோவையும் படரும். அடியில் கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். புகுவாசலுக்குக் கடவு என்று பெயர். கடவில் ஒரு படல். அதைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். வேலிதான் மேய்ப்பன்.

அடுத்தது புல். கொழுக்கட்டைப்புல் தூர்கட்டி வளரும் பல்லாண்டுப் புல். கோடையில் மேலே காய்ந்தாலும் அடித்தூர் சாகாது. ஒரு மழை போதும், துளிர்த்துவிடும். காட்டை முதலில் உழுது சோளமோ கொள்ளோ விதைக்கும்போது புல்விதையும் சேர்ந்து விழும். பயிரை அறுத்தபின் புல் நிலத்தை எடுத்துக்கொள்ளும். வருஷங்கள் கழித்துப் புல் தளர்ந்தால் மறுபடி ஒரு உழவு, ஒரு சோளம். பயிரும் மேய்ச்சலும் எதிரிகள் என்ற எண்ணம் இங்கே இல்லை. ஒன்று மற்றதன் பராமரிப்பு.

மூன்றாவது மரம். வெள்வேல மரங்களை இடைவிட்டு நிற்கவிடுவார்கள். நிழல் வேண்டும், ஆனால் புல்லை மறைக்குமளவு கூடாது. புல் இல்லாத வறண்ட மாதங்களில் அதன் காய் ஆடுமாடுகளுக்கு இரை. தின்ற விதை சாணத்தோடும் புழுக்கையோடும் காடெங்கும் விழுகிறது. நடுபவன் மாடுதான்; எது நிற்கவேண்டும், எதைக் களையவேண்டும் என்று முடிவு செய்பவன் மனிதன். இந்த மரத்தின் பட்டைக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. சாராயம் காய்ச்சப் போனதால் சாராய வேல் என்றே அதற்கு ஒரு பெயர்.

பெரிய காட்டைக் குறுக்கு வேலிகளால் பிரித்து, ஒன்று மேயும்போது மற்றது தழைய விடுவார்கள். மாடு மேய்ந்துவிட்ட காட்டில் செம்மறி மேயும். மூலையில் தண்ணீருக்கு ஒரு கல்தொட்டி. மொத்தச் சாதனம் இவ்வளவுதான். எனக்கு இது ஒரு சிருஷ்டியாகப் படுகிறது – பொருளை வாங்கிச் சேர்த்து அல்ல, இருப்பதை அடக்கியும் விட்டும் கட்டிய உருவம். உருவம், உள்ளடக்கம் என்று நாம் பக்கம் பக்கமாக வாதாடுகிறோம். வேலி உருவம், புல் உள்ளடக்கம் என்று பிரிக்க முடியாத ஒரு காரியம் ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது.

4

இது எழுத்துக்கு எப்படி வந்தது? திண்டுக்கல் சீமை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனி கைக்கு வந்தது. கோயம்புத்தூர் சீமை 1799இல். பழனி மதுரை ஜில்லாவுக்குப் போயிற்று, தாராபுரம் கோயம்புத்தூருக்கு. ஒரே மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஜில்லா எல்லை விழுந்தது. அதனால் அது இரண்டு புத்தகங்களின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டு நூலும் 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெஜட்டும். மறுபக்கம் நிக்கல்சன் 1887இல் எழுதிய கோயம்புத்தூர் மானுவல். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்.

1800ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் புக்கானன் காங்கேயம், தாராபுரம் வழியாகப் பயணம் செய்தார். 1909இல் கன், 1936இல் லிட்டில்வுட் ஆகியோர் தென்னிந்தியக் கால்நடை பற்றி எழுதிய நூல்களில் காங்கேயம் மாட்டுக்குக் கௌரவமான இடம் உண்டு. கன்று சிவப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதும், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணிய விதமும் பேசப்பட்ட விஷயங்கள். இந்த நூல்கள் மாட்டை மையத்தில் வைத்துப் பார்ப்பவை. புல்லும் வேலியும் வந்தாலும் மாட்டின் பொருட்டே வரும்.

ரயத்துவாரி முறையைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் பட்டா நிலத்துக்குத் தீர்வை உண்டு. கொறங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். அதாவது குடியானவன் புல்லுக்கு வரி கட்டியிருக்கிறான், ஒரு வருஷமல்ல, தலைமுறைகளாக. வெறும் நிலத்துக்கு யாரும் அத்தனை காலம் வரி கட்டிக்கொண்டிருக்கமாட்டார்கள். கணக்கில் தரிசு என்று இருந்த இடம் கட்டியவன் மனத்தில் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாசனம் எனக்குக் கிடைக்கவில்லை.

நிக்கல்சன் பற்றி இன்னொரு வரி. கோயம்புத்தூர் மானுவலை எழுதிய அதே மனிதர்தான் 1895இலும் 1897இலும் விவசாய வங்கிகள் குறித்த தம் அறிக்கையின் இரு பாகங்களை வெளியிட்டார். 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழி வகுத்தவற்றுள் அது முக்கியமானது. கிராமக் கடன் என்ற ஏற்பாட்டின் தகப்பன்களில் ஒருவர், மானாவாரிக் காடுகளைச் சுற்றிப் பார்த்தவர். அந்த ஏற்பாட்டின் கடைசிப் படியில், வங்கியில் ஒரு குமாஸ்தாவாக, உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு இதில் ஒரு அக்கறை உண்டு.

5

வேலிக்கும் ஒரு அரசியல் வரலாறு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாயப்பூச்சி வளர்ப்பதற்காகக் கம்பெனியார் சென்னையில் சப்பாத்திக்கள்ளியில் அக்கறை கொண்டார்கள். சாயம் வாய்க்கவில்லை; கள்ளி வாய்த்தது. வேலியாக நட்டது வேலியைத் தாண்டி நிலத்தை எடுத்துக்கொண்டது. 1920களில் வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

அடுத்து வந்தது சீமைக் கருவேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவுக்குள் வந்த இந்த அமெரிக்க மரத்துக்கு எங்கள் பக்கத்தில் வேலிக்கருவேல் என்று பெயர். அது வந்த வேஷம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. காவலுக்கு வைத்தவனே வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதை. கென்யாவின் வறண்ட பாரிங்கோ பகுதியில் 1980களில் இதே மரத்தை நட்டார்கள். அதன் இனிப்புக் காய் தின்ற ஆடுகளுக்குப் பல் கொட்டிப் போயிற்று. 2006இல் அங்குள்ள மேய்ச்சல் ஜனங்கள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். பல்லில்லாத ஆடு ஒன்றைச் சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

ஆனால் வேலிக்கருவேலை வில்லனாக்கிவிட்டு நகர்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கொறங்காடு உடைமையுள்ளவனின் நிலம். காடில்லாதவனின் ஆடு மேய்ந்தது புறம்போக்கில். புறம்போக்கைக் கருவேல் மூடியபோது மேய்ச்சல் போயிற்று. வெட்டிய விறகும் கரிமூட்டமும் அதே ஏழைக்குக் கூலியாக வந்தது. கிளுவை வேலி அழகானது. அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதால் வெளிப்பக்கமும் உண்டு.

6

வெளிப்பக்கத்தில் இருந்தவர்களிடம்தான் இந்த நிலத்தின் பிற தொழில்கள் இருந்தன. வேலி கட்டியதும் காடு உழுததும் பெரும்பாலும் பண்ணையத்தில் இருந்த ஆட்கள். அவர்களில் மாதாரிகள் – இன்று அருந்ததியர் – தோல் வேலையும் செய்தார்கள். செத்த மாட்டின் தோலை ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கவலைக்குச் சாலும் வாலும் தைத்தார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறித் தோட்டத்துக்குப் பாய்ந்தது அந்தத் தோல் வழியாகத்தான். காங்கேயம் காளையின் தோளைப் பற்றிப் பேசியவர்கள், காளை இழுத்த வடத்தின் மறுமுனையில் தொங்கிய தோலைத் தைத்த கையைப் பற்றிப் பேசியது குறைவு. தைத்தவனுக்குக் கூலி, களத்தில் வருஷாந்திரப் படியாக அளந்த தானியம். தீண்டக்கூடாதவன் தைத்த தோலில் ஏறிய தண்ணீர் மட்டும் யாருக்கும் தீட்டாகவில்லை.

1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். நீரில் நெடுநாள் தாங்கும் தோல் கவலைச் சாலுக்கு ஏற்றது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அதே சாட்டர்டன்தான் கிணறுகளில் எண்ணெய் எஞ்சின் வைத்து இறைப்பதையும் பரப்பினார். தோலை மேம்படுத்திய கை அந்தத் தோலை வேண்டாததாக்கும் யந்திரத்தையும் கொண்டுவந்தது. 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. பிறகு படிப்படியாகக் கவலை நின்றது. பாரம் இறங்கியது மாட்டுக்கு. மாதாரிக்குப் போனது படி. தண்ணீர் எட்டாத ஆழத்துக்குப் போனது பிற்பாடு.

ஆவாரம்பட்டைக்கும் போட்டி வந்தது. தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த வாட்டில் பட்டை தென்னிந்தியத் தோல் ஷாப்புகளைப் பிடித்தது. பிறகு அந்த மரத்தைப் பழனி மலையிலேயே தோட்டமாக நட்டார்கள். ஆஸ்திரேலிய மரம், ஆப்பிரிக்கப் பட்டை, திண்டுக்கல் தொட்டி. ஒரு தோலுக்குள் மூன்று கண்டம். உள்ளூர் ஆவாரஞ்செடி பூத்துக்கொண்டு சாலையோரம் நின்றது.

திண்டுக்கல் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பூட்டு. தண்ணீர் இல்லாத பூமியில் பிழைக்க வழி தேடியவர்கள் இரும்பை ராவிப் பூட்டுச் செய்தார்கள் என்று ஊரில் ஒரு விளக்கம் உண்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் இந்தச் சமவெளியில் அடைப்பதற்கான கைவேலைகள் இரண்டு: பூட்டு ஒன்று, கிளுவை வேலி மற்றது. பூட்டைக் கையில் எடுத்துக் காட்டலாம், விற்கலாம், பெட்டியில் போட்டு அனுப்பலாம். வேலியை அது நிற்கும் இடத்திலிருந்து எடுக்க முடியாது. நாம் கலை என்று அங்கீகரிப்பதெல்லாம் எடுத்துச் செல்லக்கூடியதாகவே இருப்பது தற்செயலா?

7

கிளுவையின் உறவினர்கள் நிறைய இருப்பது கிழக்கு ஆப்பிரிக்காவில். சோமாலியாவிலும் எத்தியோப்பியாவிலும் வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் தரும் மரம் இதே பேரினம். வடகென்யாவில் வேலும் கிளுவையினமும் கலந்த புதர்க்காடு கண்ணுக்கெட்டிய தூரம் பரவியிருக்கிறது. நம் கொழுக்கட்டைப்புல்லும் அங்கே மேய்ச்சல் புல். கொறங்காட்டின் மூன்று உறுப்புகளும் அங்கே காட்டில் கிடக்கின்றன. இங்கே அவற்றை ஒரு வேலிக்குள் கோத்தார்கள்.

அங்கேயும் கோத்தவர்கள் உண்டு. தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் சுகுமா ஜனங்கள் 'ங்கிட்டிலி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மழை தொடங்கியதும் ஒரு நிலத்தை மூடிவிடுவார்கள். மாடு உள்ளே போகாது. புல்லும் மரமும் வளர்ந்து நின்று, கடும் கோடையில்தான் திறக்கும். சில குடும்பத்துக்குச் சொந்தம், சில ஊருக்குச் சொந்தம். காலனி ஆட்சியில் ட்ஸெட்ஸி ஈயை ஒழிக்கிறேன் என்று மரங்களை வெட்டினார்கள். பருத்திக்காகவும் வெட்டினார்கள். 1970களில் ஜனங்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றியபோது பலருக்குத் தங்கள் ங்கிட்டிலியைக் காக்க முடியாமல் போயிற்று. ஷின்யாங்காவைத் தான்சானியாவின் பாலைவனம் என்று சொல்லும் நிலை வந்தது. 1986இல் தொடங்கிய ஒரு மண்வளத் திட்டம், புதிதாக எதையும் போதிக்காமல், மறந்துபோன இந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டது. சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியிருந்த ங்கிட்டிலி இருபது வருஷங்களுக்குள் லட்சக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது.

பாலை ஒரு இடமல்ல, நிலை என்றேனே, அதற்கு உரை ஷின்யாங்காவில் இருக்கிறது. அதோடு ஒரு கேள்வியும் அங்கிருந்து வருகிறது. வேலி தனிச்சொத்தாக மட்டும்தான் இருக்கவேண்டுமா? ஊருக்குப் பொதுவான ங்கிட்டிலி இருக்க முடியுமென்றால், கருவேல் மூடிய நம் மேய்ச்சல் புறம்போக்கைச் சுற்றி ஊரே ஒரு கிளுவை வேலி நடக் கூடாதா? ஜாதி அதைத் தடுக்கும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அப்போது தடை நிலத்தின் வறட்சி அல்ல என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

8

2017 தை மாதத்தில் மெரினாவில் கூடியவர்களின் பதாகைகளில் காளைகள் கம்பீரமாக நின்றன. நாட்டுமாடு ஒரு கோஷமாயிற்று. அந்த மாடு நின்று மேய்ந்த நிலத்துக்கு நான் அறிந்து ஒரு கோஷமும் எழவில்லை. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடுகள் காற்றாலைக்கும் சூரியத் தகடுகளுக்கும் வீட்டுமனைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. விற்கிறவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாடு வைத்திருந்தால் மகனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்கிறான். மிஞ்சிய காடுகளில் சில வருஷக் குத்தகைக்கு ஆடு வளர்ப்பவர்களிடம் போகின்றன. வேலியில் போத்து நட ஆளும் இல்லை, நடும் பக்குவம் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். கல்கால் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டால் ஒரே நாளில் முடிகிறது. கம்பி வேலியில் கௌதாரி முட்டையிடாது.

2019இலிருந்து கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்பவர்களுக்கும் உண்டு. என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் மாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, கொட்டகைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. விதைத்து அறுக்கும் தீவனப் பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அளவும் இருக்கிறது. விதைக்காமல் முப்பது வருஷமாக நிற்கும் கொழுக்கட்டைப்புல்லுக்கும், அதைக் காக்கும் வேலிக்கும், போத்து நடுகிறவனின் நாள் கூலிக்கும் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத இடத்தில் அடங்கல் நகல் சொல்வதை எழுதுகிறோம்: தரிசு.

மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். கிளுவை, கடவு, படல், கொழுக்கட்டை, வெள்வேல் – இவை அகராதியில் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டிய வட்டாரச் சொற்கள் அல்ல. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுத விடாமல் தடுக்கும் சொற்கள். அவை புழக்கத்தில் இருக்கும்வரை அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்ல முடியும். அவை போனபின் மிஞ்சுவது நம் கவிதைகளில் ஏற்கனவே தயாராக இருக்கும் பாலைதான். அதை வாங்க வருபவனுக்கு நாம் அரை விலைக்கு எழுதிக் கொடுத்தவர்களாவோம்.